ஒரு குளம், நாலு கோவை: அரச தரவுகளை இணைப்பது பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகக் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் பின்னேரக் கணினி வகுப்புகளிலும் திறந்த தரவு பற்றிக் கதைத்து வருகிறேன். கிளிநொச்சியில் கேட்ட கேள்வியையே புதுக்குடியிருப்பிலும் கேட்கிறார்கள், வவுனியாவிலும் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் அழிந்த நெல்லுக்கு நட்டஈடு கேட்டு அலைந்துகொண்டிருந்தவர், ஒருநாள் தன் பொலித்தீன் பையை என் மேசையில் கொட்டினார். காணி பெர்மிட்டின் போட்டோக்கொப்பி, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், கமநல சேவை நிலையப் பதிவு, காப்புறுதிப் பற்றுச்சீட்டு. நாலும் ஒரே இரண்டு ஏக்கர் வயலைப் பற்றியவை. ஒன்றில் அந்த வயல் குளத்தின் பெயரால் இருந்தது. இன்னொன்றில் வயற்கண்டத்தின் பெயர். மூன்றாவதில் வெறும் துண்டு இலக்கம். நாலாவதில் ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் பிழையாக. “இது நாலும் ஒரே காணிதான் எண்டு ஒவ்வொரு கந்தோரிலும் போய் நான்தான் தம்பி சொல்லவேண்டிக் கிடக்கு” என்றார்.

தரவுகளை இணைப்பது என்று நான் சொல்வதெல்லாம் அந்த அம்மா பஸ் பிடித்துப் போய்ச் செய்கிற வேலையைத்தான். அதை அவர் தலையில் சுமத்தாமல் தரவே செய்ய வேண்டும்.

திறந்த அரச தரவு என்றால் என்ன?

அரசு தன் வேலைக்காகச் சேர்க்கிற விவரங்களில், யாரும் எடுத்து, பயன்படுத்தி, மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்படுபவை. மழை அளவு, குளத்து நீர்மட்டம், பாடசாலைப் பட்டியல், வீதி ஒதுக்கீடு, தொகைமதிப்பு எண்கள் எல்லாம் இதில் அடங்கும். தனி ஆட்களின் விவரங்கள் அடங்காது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் இடத்தில் அது மிகவும் முக்கியம்.

எல்லாம்தான் இன்டர்நெட்டில் போடுகிறார்களே. இன்னும் எதை இணைப்பது?

போடுகிறார்கள். இலங்கை அரசுக்கென்று ஒரு திறந்த தரவுத் தளமும் இருக்கிறது. ஆனால் போடுவது வேறு, இணைப்பது வேறு.

வளிமண்டலவியல் திணைக்களத்திடம் மழை அளவு இருக்கிறது. பெரிய குளங்களின் நீர்மட்டம் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களிடம் இருக்கிறது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது கிட்டத்தட்ட 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்கிற சின்னக்குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. எத்தனை குடும்பம் எங்கே இருக்கிறது என்பது பிரதேச செயலகத்தில். நாலும் நாலு கோவை (பைல்). ஒரு கோவையில் இருக்கும் குளம்தான் மற்றக் கோவையிலும் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல ஆளில்லை.

உலகளாவிய வலையைக் (வெப்) கண்டுபிடித்த டிம் பேர்னர்ஸ்-லீ 2006இல் இதற்கு நாலு விதி எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி அடையாளம் கொடு. அந்த அடையாளம் ஒரு வலை முகவரியாகவே இருக்கட்டும். அந்த முகவரிக்குப் போனால் அந்தப் பொருளைப் பற்றிய விவரம் கிடைக்கட்டும். அந்த விவரத்துக்குள் மற்றப் பொருள்களின் முகவரிகளும் இருக்கட்டும். அவ்வளவுதான்.

இதற்கான எழுத்துமுறையை ஆர்டிஎப் என்பார்கள். 1999 முதல் வலைத் தர நியமமாக இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பாடசாலையில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்தான். “இரணைமடுக் குளம் நீர் பெறுகிறது கனகராயன் ஆற்றிலிருந்து” என்பது ஒரு வரி. “கனகராயன் ஆறு ஊடறுக்கிறது முல்லைத்தீவு மாவட்டத்தை” என்பது இன்னொரு வரி. முதல் வரியை ஒரு திணைக்களமும் இரண்டாவதை இன்னொரு திணைக்களமும் எழுதியிருக்கலாம். இரண்டிலும் ஆற்றுக்கு ஒரே முகவரி இருந்தால், இரணைமடுவின் நீர்மட்டத்தை அறிய முல்லைத்தீவு மழையையும் பார்க்க வேண்டும் என்று கணினி தானாகவே கண்டுகொள்ளும்.

ஒரு ஊருக்கு எதற்கு இலக்கம்? பெயர் போதாதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. வன்னியில் பெயர் போதவே போதாது.

“வன்னி” என்ற சொல்லையே எடுங்கள். நாங்கள் வன்னி என்றால் கிளிநொச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான் உண்டு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போய்விடுகிறது. தேர்தல் தரவில் “வன்னி” என்று இருக்கும் எண்ணை எடுத்து, வேறொரு அறிக்கையில் “வன்னி” என்று இருக்கும் சனத்தொகையால் வகுத்தால் வருவது வெறும் பிழைக் கணக்கு. அப்படி வகுத்த ஒரு மாணவரின் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அவர் கெட்டிக்காரப் பிள்ளை. பிழை அவருடையது அல்ல, பெயருடையது.

மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவு, மாந்தை மேற்கு மன்னார் மாவட்டத்தது. பட்டியலில் வெறுமனே “மாந்தை” என்று இருந்தால் எது? வவுனிக்குளம் வவுனியாவில் இல்லை, முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது. வவுனியா என்பது ஒரு நகரம், ஒரு பிரதேச செயலகப் பிரிவு, ஒரு மாவட்டம், மூன்றும்தான். புதுக்குளம், பெரியகுளம், மருதங்குளம் என்ற பெயர்களில் குளங்களை எண்ணத் தொடங்கினால் விரல் போதாது.

எழுத்துக்கூட்டல் அதற்கு மேல். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். “டி” எழுத்து ஒன்றா இரண்டா, “ஐ” வருமா வராதா என்று ஆளுக்கொரு மாதிரி. ஒட்டுசுட்டானும் அப்படித்தான். மனிதருக்கு இதெல்லாம் ஒரே ஊர் என்று விளங்கும். கணினிக்கு நாலு எழுத்துக்கூட்டல் என்றால் நாலு ஊர்.

இலக்கம் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மாவட்டங்களுக்கு ஏற்கெனவே சர்வதேசக் குறியீடு உண்டு: கிளிநொச்சி எல்கே-42, மன்னார் எல்கே-43, வவுனியா எல்கே-44, முல்லைத்தீவு எல்கே-45. தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் 45 என்றால் 45தான். இதே மாதிரி விதானையார் பிரிவுக்கும் குளத்துக்கும் பாடசாலைக்கும் ஒரு இலக்கம் இருந்து, எல்லாத் திணைக்களமும் அதே இலக்கத்தைப் பாவித்தால் பாதி வேலை முடிந்தது. பெயரை அழிக்கச் சொல்லவில்லை. பெயர் மனிதருக்கு, இலக்கம் கணினிக்கு. இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

சரி, இதனால் எங்களுக்கு என்ன பிரயோசனம்?

வெள்ளத்தில் தொடங்குகிறேன். கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, முல்லைத்தீவு ஊடாக வடக்கே வந்து, கிளிநொச்சியில் இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் களப்பில் போய் விழுகிறது. மூன்று மாவட்டம், மூன்று கச்சேரி (மாவட்டச் செயலகம்). மேலே கொட்டுகிற மழைக்குக் கீழே இருக்கிற சனம்தான் பதில் சொல்கிறது.

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வான்கதவுகள் எப்போது திறந்தன, முன்கூட்டியே திறந்திருக்கலாமா என்று பிறகு நீண்ட விவாதம் நடந்தது. யார் சரி, யார் பிழை என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. அந்த விவாதத்துக்குத் தேவையான மூன்று எண்கள், அதாவது மேற்பக்க மழை, குளத்து மட்டம், கதவு திறந்த அளவு, மணிக்கணக்கு வாரியாக ஒரே இடத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்திருந்தால், விவாதம் வெள்ளத்துக்கு முந்தியே நடந்திருக்கும். அந்த எண்களோடு விதானையார் பிரிவுகளின் வரைபடமும் இணைந்திருந்தால், “இரணைமடு வான் பாயப் போகிறது” என்ற பொது அறிவித்தலுக்குப் பதிலாக, எந்தப் பிரிவு சனம் எழும்ப வேண்டும் என்று பெயர் சொல்லியே வட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

அடுத்தது குடிநீர். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில், பதவியா, மதவாச்சிப் பக்கம் மாதிரியே, காரணம் முழுதாகத் தெளியாத சிறுநீரக நோய் இருக்கிறது. கிணற்றுநீர்ச் சோதனை முடிவுகள் ஒரு சபையிடம், நோயாளர் எண்ணிக்கை சுகாதாரத் துறையிடம், குழாய்நீர் எந்த ஊர்வரை போகிறது என்பது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். இந்த மூன்றையும் இடக் குறியீட்டால் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் எந்த ஊருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை வரைபடத்திலேயே தெரியும். யாருடைய சிபாரிசும் தேவைப்படாது.

காலபோகம், சிறுபோகம் விதைப்புத் தீர்மானமும் இப்படித்தான். குளத்தில் இருக்கிற தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று சிறுபோகக் கூட்டத்தில் வாக்குவாதப்படும்போது, கையில் இருப்பது ஞாபகமும் ஒருசில கொப்பியும்தான். கடந்த பத்துச் சிறுபோகத்தில் என்ன மட்டத்தில் எவ்வளவு விதைத்து எவ்வளவு அறுத்தோம் என்று ஒரு அட்டவணை இருந்தால், கூட்டம் இரண்டு மணித்தியாலம் முந்தி முடியும். சண்டையும் குறையும்.

வேறு நாடுகளில் இது உண்மையிலேயே உதவியிருக்கிறதா?

உதவியிருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சேன்ஸ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் கோல் ரன் என்றொரு குடியிருப்பு. அங்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள். சுற்றிவரக் குழாய்நீர் போக, அவர்கள் மட்டும் பல தசாப்தமாக மழைநீரைச் சேமித்தும் தண்ணீரை ஏற்றி இறக்கியும் வாழ்ந்தார்கள். வழக்குப் போட்டபோது, எந்த வீட்டுக்குக் குழாய் இருக்கிறது என்ற தரவையும் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற தரவையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டினார்கள். பார்த்த மாத்திரத்திலேயே பாகுபாடு கண்ணில் தெரிந்தது. 2008இல் ஜூரி கிட்டத்தட்ட 1 கோடியே 9 லட்சம் டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இரண்டு தரவும் தனித்தனியே இருந்த காலமெல்லாம் எதையும் சொல்லவில்லை. சேர்த்து வைத்தபோதுதான் பேசின.

ஐக்கிய இராச்சியம் தன் திறந்த தரவுத் தளத்தை 2010 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது. பேர்னர்ஸ்-லீயும் பேராசிரியர் நைஜல் ஷாட்போல்ட்டும் அதற்குப் பின்னால் நின்றார்கள். அங்கே சுற்றுச்சூழல் முகவரகம், கடற்கரைகளில் குளிக்கும் தண்ணீரின் தரத்தை இணைத்த தரவாகவே வெளியிட்டது. ஒவ்வொரு கடற்கரைக்கும் ஒரு நிலையான வலை முகவரி. அந்த முகவரியைப் பிடித்து யார் வேண்டுமானாலும் செயலி செய்யலாம், பத்திரிகையில் அட்டவணை போடலாம். ஒவ்வொருவரும் முகவரகத்துக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை.

எங்கள் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் ஒரே இடத்தில் பதிய, இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாகச் “சஹானா” என்ற திறந்த மூல மென்பொருளைச் செய்தார்கள். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. முல்லைத்தீவுக் கரையில் அந்த மார்கழியில் உறவைத் தேடித் திரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு பட்டியல் இருப்பதற்கும் பத்துப் பட்டியல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

பிடிஎப் போட்டால் போதாதா?

ஒன்றுமே போடாததை விட நல்லது. பேர்னர்ஸ்-லீ 2010இல் ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்று தந்தார். திறந்த உரிமத்தோடு எந்த வடிவில் போட்டாலும், ஸ்கேன் செய்த பிடிஎப் ஆனாலும், 1 நட்சத்திரம். எக்செல் மாதிரிக் கணினி வாசிக்கக்கூடிய அட்டவணை 2. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத வடிவம், உதாரணமாகக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி, 3. பொருள்களுக்கு வலை முகவரி கொடுத்தால் 4. மற்றவர்களின் தரவோடு இணைத்தால் 5.

எங்கள் பக்கம் பெரும்பாலானவை முதற்படியில் நிற்கின்றன. சிலது அதுவும் இல்லை, அறிவித்தல் பலகையில் ஒட்டிய கடதாசி. நான் ஐந்தை உடனே கேட்கவில்லை. ஒன்றிலிருந்து மூன்றுக்கு வருவதற்குப் பெரிய செலவில்லை. பிரின்ட் எடுத்து, சீல் குத்தி, ஸ்கேன் செய்து போடுகிற அதே அட்டவணையை, பிரின்ட் எடுக்க முந்திய கோப்பாகவும் பக்கத்தில் போட்டால் போதும்.

தமிழில் இருக்கிற தரவை இணைக்க முடியுமா?

முடியும். ஆனால் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற உலகப் பொது முறையில் இருக்க வேண்டும்.

எங்கள் கந்தோர்களில் இன்றைக்கும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. பாமினியில் “தமிழ்” என்று அடித்தால் திரையில் தமிழாகத்தான் தெரியும். ஆனால் கணினிக்குள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அதுதான் மிஞ்சும். தேடினால் அகப்படாது, அகரவரிசையில் அடுக்கினால் குழம்பும், வேறு தரவோடு பொருந்தாது. பத்து வருடம் உழைத்துத் தட்டச்சு செய்த ஒரு கிராம விவரக்கொத்து, கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் கண்ணால் பார்த்துச் சரிபிழை திருத்த வேண்டும், குறிப்பாக “ஒ”, “ஓ” வருகிற ஊர்ப்பெயர்களை. நல்ல தமிழ் தெரிந்த, கணினியும் பழகின பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விடுமுறை வேலை எனக்குத் தெரியவில்லை.

போருக்கு முந்திய தரவோடு இப்போதையதை ஒப்பிட முடியுமா?

கவனமாகத்தான் முடியும். முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், திருகோணமலை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. ஆகவே 1971 தொகைமதிப்பில் முல்லைத்தீவு மாவட்டம் என்றே ஒன்று இல்லை. 1981இல் கிளிநொச்சி இல்லை. 2001 தொகைமதிப்பு இந்த இரண்டு மாவட்டத்திலும் நடக்கவில்லை. 1981க்குப் பிறகு முழுமையாக எண்ணியது 2012இல்தான். இடையில் 31 வருடம்.

இடங்களுக்கு முகவரி கொடுக்கும்போது “இந்த எல்லை இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை” என்றும் சேர்த்து எழுதலாம். அப்படி எழுதினால், பழைய யாழ்ப்பாண மாவட்டத்து எண்ணுக்குள் இன்றைய கிளிநொச்சியின் பங்கு எது என்று தேட ஒரு வழி பிறக்கும். ஊரே இடம்பெயர்ந்து, கோவைகளும் எரிந்துபோன ஒரு பிரதேசத்துக்கு இது சின்ன விஷயமல்ல. எங்கள் பெற்றோரின் ஊர் எண்களில் எங்கே இருந்தது என்று காட்டுகிற ஒரே வழி பல இடங்களில் இதுதான்.

காணி, மிதிவெடி விஷயங்களிலும் உதவுமா?

உதவும். கண்ணிவெடி அகற்றல் பணிக்கு என்றே ஒரு சர்வதேசத் தகவல் முகாமை முறை இருக்கிறது, இலங்கையிலும் அதைத்தான் பாவிக்கிறார்கள். எந்தத் துண்டு துப்புரவாகிவிட்டது, எது இன்னும் சந்தேகத்துக்குரியது என்பது ஆள்கூறுகளோடு பதிவாகிறது. இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்ததால், 2028 ஜூனுக்குள் துப்புரவாக்கி முடிக்க வேண்டும் என்ற காலக்கெடுவும் இருக்கிறது. அந்த வரைபடத்தோடு காணித் துண்டு வரைபடமும் இணைந்திருந்தால், விறகுக்குப் போகிறவருக்கும் வயல் திருத்துகிறவருக்கும் “இது பாதுகாப்பானதா” என்று கேட்க ஒரே இடம் இருக்கும்.

காணியில் இன்னொரு வேதனை உண்டு. ஒரே துண்டு, ஒரு கந்தோரின் பதிவில் பெர்மிட் காணி, இன்னொரு கந்தோரின் வரைபடத்தில் காடு. இரண்டு பேரும் தங்கள் கோவையைக் காட்டுகிறார்கள், இரண்டும் சட்டப்படிதான். தரவை இணைப்பதால் இந்தப் பிணக்குத் தீராது. ஆனால் எங்கெங்கே இரண்டு கோவையும் மோதுகின்றன, மொத்தம் எத்தனை ஏக்கர் என்பது தெரியும். இப்போது ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைத்துத் தனித்தனியாக அலைகிறது.

எங்கள் குடும்ப விவரமும் வெளியே வந்துவிடாதா?

இந்தப் பயம் நியாயமானது. பெயர்ப்பட்டியல் யார் கையில் போனது என்பதைப் பொறுத்து உயிரே போன இடம் இது. “தரவு திறந்திருப்பது நல்லது” என்று நகரத்தில் இருந்து வந்து சொல்லிவிட்டுப் போக முடியாது.

என் நிலைப்பாடு இதுதான்: குளம், வீதி, பாடசாலை, மழை, வரவுசெலவு, ஒப்பந்தம் எல்லாம் திறந்திருக்கட்டும். ஆட்களின் பட்டியல் வேண்டாம். பயனாளிகள், காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள், மீள்குடியேறியோர், புனர்வாழ்வு பெற்றோர், நோயாளர் யாருடைய பெயரும் திறந்த தரவு ஆகாது. அரசுக்குள்ளே ஆட்களின் பதிவுகளை ஒன்றோடொன்று பின்னுவது முற்றிலும் வேறு விஷயம். நான் இங்கே அதற்காக வாதாடவில்லை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இணைப்பின் பலம்தான் அதன் ஆபத்தும். ஒரு சின்ன விதானையார் பிரிவில், பெண் தலைமைக் குடும்பங்கள் என்று ஒரு அட்டவணை, மாற்றுத்திறனாளிகள் என்று இன்னொன்று, வயதுப் பிரிவு என்று மூன்றாவது. தனித்தனியே பார்த்தால் ஒன்றும் இல்லை. மூன்றையும் சேர்த்தால் அட்டவணையின் ஒரு கட்டத்தில் “1” என்று வரும். அந்த ஒருவர் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சிறிய எண்களை மறைக்க வேண்டும், ஐந்துக்குக் குறைவானதை “5க்குள்” என்று மட்டும் போடுவது ஒரு வழி. அல்லது பிரிவுகளைச் சேர்த்து பிரதேச செயலக மட்டத்தில் வெளியிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்று சும்மா இருக்காமல், வெளியிட முந்தி அந்த ஊர் ஆள் ஒருவரிடம் அட்டவணையைக் காட்டி “இதில் யாரையாவது கண்டுபிடிக்க முடியுமா” என்று கேளுங்கள். கணினி கண்டுபிடிக்காததை ஊர் ஆள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

தரவில் பிழை இருந்தால்? வெளியிட்டு அவமானப்படுவதா?

பிழை எல்லாத் தரவிலும் உண்டு. பூட்டி வைத்தால் அது பூட்டுக்குள்ளேயே இருந்து தீர்மானங்களைக் கெடுக்கும். இரண்டு தரவை இணைக்கிற போதுதான் பெரும்பாலான பிழைகள் அகப்படுகின்றன: ஒரு பட்டியலில் 40 பாடசாலை, இன்னொன்றில் 38 என்றால், அந்த இரண்டும் எங்கே என்று தேடலாம். மூடப்பட்டதா, பெயர் மாறியதா, இடம்பெயர்ந்து வேறு ஊரில் நடக்கிறதா? திருத்தம் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கமும், கடைசியாகத் திருத்திய திகதியும் பக்கத்தில் இருந்தால் உத்தியோகத்தரை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

செலவு?

மென்பொருள் பெரும்பாலும் இலவசம். செலவு ஆட்களின் நேரம். முதல் வருடம் வேலை கூடும், பிறகு ஒரே விவரத்தை ஐந்து படிவத்தில் எழுதி ஐந்து இடத்துக்கு அனுப்புகிற வேலை குறையும்.

கேட்டால் தர மறுக்கிறார்களே?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒரு சின்ன விஷயம். கேட்கும்போது “எக்செல் கோப்பாகத் தரவும்” என்று எழுதுங்கள். கேட்ட வடிவில் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, ஆவணத்துக்குப் பாதிப்பு வரும் என்றால் மட்டும் விதிவிலக்கு. அதை எழுதாமல் விட்ட ஒரு தடவை எனக்குப் பிரின்ட் எடுத்த கட்டுத்தான் கிடைத்தது. இரண்டு கிழமை இருந்து திரும்பத் தட்டச்சு செய்தேன்.

நான் கந்தோரில் வேலை செய்கிறேன். மேலிடத்து உத்தரவு வரும்வரை என்ன செய்யலாம்?

உங்கள் எக்செலில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிரல் கூட்டி, அரச கிராம அலுவலர் பிரிவுக் குறியீட்டை எழுதுங்கள். இதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை, இதைவிடப் பெரிய உதவியும் இல்லை. கட்டங்களை ஒன்றாக்கி அழகுபடுத்தாதீர்கள், ஒரு வரிசையில் ஒரு குளம், ஒரு நிரலில் ஒரு விவரம். திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். ஏக்கரா ஹெக்டேயரா என்று தலைப்பிலேயே போடுங்கள். “மேற்படி” என்று கீழே கீழே எழுதாமல் ஒவ்வொரு வரிசையிலும் பெயரை முழுதாக எழுதுங்கள். வரிசையை மாற்றி அடுக்கினால் “மேற்படி” யாருக்கு மேற்படி என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர்க் குளம் எந்த வரைபடத்திலும் இல்லை. யாரிடம் சொல்வது?

யாரிடமும் சொல்லக் காத்திருக்க வேண்டாம், நீங்களே சேர்க்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் என்ற திறந்த வரைபடத்தில் கணக்குத் திறந்தால், செய்மதிப் படத்தின் மேல் குளக்கட்டை வரைந்து பெயர் எழுதலாம். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு இன்னொரு இடம். அங்கே உலகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், இலங்கைக்குக் க்யூ854, தமிழ்மொழிக்குக் க்யூ5885. உங்கள் குளத்துக்கும் ஒன்று எடுக்கலாம். தமிழ்ப்பெயர், சிங்களத்தில் எழுதும் விதம், ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் அந்த ஒரு இலக்கத்தின் கீழ் போடலாம். மாவட்டம், எந்த ஆற்றோடு சேர்கிறது என்பதையும் இணைக்கலாம்.

சேர்க்க முந்தி ஊரில் வயதானவர்களிடம் ஒரு தடவை கேளுங்கள். போன கிழமை ஒரு குளத்தைச் சேர்க்க உட்கார்ந்தோம். கூட இருந்த ஐயா, வரைபடத்தில் போட்டிருக்கிற பெயர் 1990களில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் வைத்த பெயர் என்றும், தன் தகப்பன் காலத்தில் அதற்கு வேறு பெயர் என்றும் சொன்னார். துருசு (மதகு) முந்தி எந்தப் பக்கம் இருந்தது என்று கட்டில் நடந்து காட்டினார். இரண்டு பெயரையும் போட்டோம். பழைய பெயருக்குக் கீழே எழுத்துக்கூட்டலை அவரே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, பத்தாம் வகுப்புப் படிக்கிற அவருடைய பேத்தி அடித்தாள்.